பத்து டிகிரி அறை

செக் நாட்டுப் பில்சன் நகரத்து அடுக்குமாடி வீட்டில் யாரோமிருக்கு நிலவறை கிடையாது. அதனால் அவன் வீட்டிலேயே காய்ச்சும் பீர் ஊறும் வாளியை, மனைவி ஸ்தென்கா படுக்கும் பின்னறையில் வைத்தான். அவன் வாங்குவது குளிரில் மெல்ல வேலை செய்கிற ஈஸ்ட்; அதற்குப் பத்து டிகிரிக்கு மேல் ஆகாது, பீர் கெட்டுவிடும். எனவே குளிர்காலம் முழுக்க அந்த அறையின் ஹீட்டர் அடைத்தே கிடக்கும். ஸ்தென்காவுக்கு நெஞ்சுச் சளி விட்டதே இல்லை.

“இந்தத் தடவையாவது வீட்டுச் சூட்டுலயே பொங்குற ஈஸ்ட் வாங்குங்களேன்,” என்று கேட்டுப் பார்த்தாள்.

“அதுல வர்றது பீரா? பழரசம்! கோட்டைப் போட்டுக்கிட்டுப் படுடி, செத்துட மாட்டே.”

ஜனவரியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அவன் வேலைக்குப் போனதும் குமிழைத் திருகி ஹீட்டரைத் திறப்பாள், அவன் திரும்புமுன் அடைத்துவிடுவாள். அந்த வெதுவெதுப்பில்தான் கண்ணயர்ந்தாள். ஈஸ்ட்டோ வெறிபிடித்துப் பொங்கியது.

ஈஸ்டருக்கு நண்பர்கள் வந்தார்கள். முதல் வாய் குடித்த லுபோர் முகத்தைச் சுளித்தான். “என்னடா இது, நெயில் பாலிஷ் நாத்தம் அடிக்குது!”

எல்லோரும் சிரித்தார்கள். யாரோமிர் மனைவியைப் பார்த்தான். அவள் தலை குனிந்தது; அவனுக்கு அது போதும். பெரிய குவளையை நிரப்பி அவள் முன் வைத்தான்.

“இவ பண்ணின பீர். இவளே குடிக்கட்டும்.”

“ஒரே மூச்சுல அண்ணி, நாங்க கை தட்டறோம்!” என்றான் லுபோர்.

கண்ணில் நீர் வழியக் குடித்து முடித்தாள். கை தட்டினார்கள். யாரோமிர் இரண்டாவது குவளையை ஊற்றினான்.

அடுத்த குளிர்காலமும் அதே ஈஸ்ட்தான். ஹீட்டரின் குமிழை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.