பூசணி விழுங்கிய குவியல்

எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பின்னால் அடுக்குமாடிகள் முளைக்கத் தொடங்கிய இரண்டாயிரங்களில், அப்படியொரு குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் கெமிஸ்ட். பெயர்தான் கெமிஸ்ட், பாதி நேரம் கையில் மண்வெட்டிதான். தண்ணீர் தெளிந்த பிறகு அடியில் தங்கும் கறுப்புச் சேற்றை முன்பெல்லாம் டேங்கர் லாரி அள்ளிக்கொண்டு போகும். எங்கே கொட்டினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. இங்கேயே மக்கவைத்து உரமாக்கலாம் என்று அடம்பிடித்து, மதில் ஓரம் கூரை போட்ட ஒரு யார்டை வாங்கியவள் நான்.

சேற்றை மட்டும் குவித்தால் களிபோலக் கிடந்து நாறும். அதில் தழைச்சத்து மிதமிஞ்சி இருக்கிறது. கரிச்சத்தும் காற்றும் போதாது. மரத்தூள் கலந்து புரட்டினால் நுண்ணுயிர்கள் விருந்துக்கு உட்கார்ந்துவிடும், குவியல் உள்ளுக்குள் கொதிக்கும். கிருமி சாவது அந்தச் சூட்டில்தான். கடப்பாரையைச் செருகி வைத்து, கொஞ்சம் பொறுத்து உருவித் தொட்டுப் பார்ப்போம். கை சுட்டால் எனக்கு அன்றைக்கு நல்ல நாள்.

அந்த வருஷம் ஆயுதபூஜைக்குத் தங்கவயலில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்போதே வாடை குடலைப் பிடுங்கியது. குவியல் முழுக்கப் பூசணிக்காய்! குடியிருப்பில் ஒரு கார் விடாமல் சுற்றி உடைத்தது அத்தனையும், குங்குமத்தோடு. கூடவே வாசல்களில் கட்டிய வாழைக்கன்றுகள். கடப்பாரையை உருவினேன். ஜில்லென்று இருந்தது.

யார்டில் என்னோடு வேலை செய்த அக்கா, நகரத்துக்குள் நீலசந்திரா பகுதிக்காரர். அவர்தான் ஆள் வைத்து எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

“சாமிக்கு ஒடைச்சதும்மா. குப்ப லாரில போட்டு நசுக்கலாமா? இந்தக் குவியலுதான் நம்ம தொழிலு. இதுக்கும் பொட்டு வெச்சு கற்பூரம் காட்டுனேன். இங்க இருந்தா மரியாதன்னுதான் போட்டேன்.”

“மரியாதையா? பூசணிக்கா பூரா தண்ணி! உள்ள காத்தே போவல, மூச்சு முட்டிக் கெடக்குது!” என்று கத்தினேன்.

“கத்துனா காஞ்சிடுமா?” என்றார் அக்கா.

அதற்குள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வந்துவிட்டார். பேங்கில் ரிட்டையரான கன்னடக்காரர்; எங்களோடு தமிழில்தான் பேசுவார். “தீபாவளிக்குள்ள இந்த நாத்தம் போகணும். இல்லேன்னா யார்டை மூடிட்டு டேங்கருக்குச் சொல்லிடறேன்” என்றார். மூடினால் என் வேலை போகாது. ஆனால் நான் சண்டை போட்டு வாங்கியது போகும். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூசணித் துண்டுகளைப் பொறுக்கினோம், வாழைத்தண்டை இழுத்துப்போட்டோம். அக்கா தன் தெருவின் மரப்பட்டறைகளில் பேசி, ஆட்டோ நிறையக் காய்ந்த மரத்தூள் கொண்டுவந்தார். அதைக் கொட்டி, அடி மேலாகப் புரட்டினோம். மழை விடவில்லை, சாரல் அடிக்கும் பக்கம் தார்ப்பாய் கட்டிவிட்டுப் புரட்டினோம். ஒரு நாள் காலையில் கடப்பாரையை உருவிய அக்கா, “அம்மாடி!” என்று கையை உதறினார். என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான அலறலை நான் கேட்டதில்லை.

அதன் பிறகு குவியலைப் பிடிக்க முடியவில்லை. முதலில் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி வந்தது, பிறகு அதுவும் அடங்கியது. பிசுபிசுத்த கறுப்பு, பழுப்பாக உதிரத் தொடங்கியது. வெட்டிப் பார்த்தால் உள்ளே சாம்பல் தூவியதுபோல வெள்ளைப் பூஞ்சை. மரத்தூள் எது, சேறு எது என்று தெரியாமல் கலந்துபோய், குவியலே இளைத்துவிட்டது.

தீபாவளியன்று காலையில் செயலாளர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். டேங்கர் விஷயத்தைச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் வாய் திறப்பதற்குள் குவியலில் கவைக்கோலைக் குத்திப் புரட்டிக் காட்டினேன். குளிரில் ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. அவர் குனிந்தார். மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். ஈர மண் வாசனை, அவ்வளவுதான்.

நிமிர்ந்தவர் பாக்ஸைத் திறந்து எங்களிடம் நீட்டினார். நானும் அக்காவும் கை கழுவ ஓடினோம். திரும்பி வந்தபோது, ஊர் முழுக்கக் கழித்தது குவிந்திருக்கும் இடத்தில், ஓரடிகூட நகராமல் நின்று, மனிதர் மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தார்.

“ஆயித்தும்மா, சரிதான், யார்டு இங்கேயே இருக்கட்டும்” என்றார், வாய் நிறைய.

நன்றி சொல்லியிருக்கலாம். ஆனால் மிதப்பு விடுமா?

“இன்னொண்ணு எடுத்துக்கங்க சார்” என்றேன்.