அமலியின் மாமியார்

தியாகதுருகத்தில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் போன் வந்தது. எங்கள் அலுவலகத்தை நடத்துகிற ரஹீம் சார் காலை வேளையில் யாரையும் கூப்பிடமாட்டார். "வசந்தி, அமலி தவறிட்டாம்மா. ஆஸ்பத்திரியிலேர்ந்து இப்பதான் சொன்னாங்க. நீ ஆபீசுக்கு வர வேணாம், நேரா அவங்க வூட்டுக்குப் போயிடு" என்றார். சரிங்க சார் என்றேன். காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டுப் போனவள். அடுத்த வாரம் வந்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் வீடு இருக்கிற திருநாவலூர் பக்கம் போக வேண்டிய நான், ஆபீசுக்குப் போகிற பழக்கத்தில் கண்டக்டரிடம் கள்ளக்குறிச்சி என்று டிக்கெட் வாங்கினேன். இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் புத்தி வந்தது. இறங்கி ரோட்டைக் கடந்து எதிர்ப் பக்கம் நின்றேன். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இதிலும் முந்திக்கொண்டாளே என்று நினைத்தேன்.

இந்த இரங்கல் கூட்டத்தில் வாசிக்க ஏதாவது எழுதிக்கொண்டு வா என்று சார் என்னிடம் சொன்னபோது, "நீதான் அவளுக்கு ரொம்ப நெருக்கம்" என்றார். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு மேஜைதான் இருந்தது, அந்த வகையில் நெருக்கம். மற்றபடி அவளைப் பார்த்து நான் வயிறெரிந்தேன் என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறைத்து, தங்கமான பெண், தன்மையான பெண் என்று வாசித்துக்கொண்டு போனால் அமலியே எழுந்து வந்து சிரிப்பாள். அவளிடம் நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. நான் செய்த ஒரு வேலையைப் பார்த்து அவளுக்கு ஒரு தடவையாவது வயிறு எரிய வேண்டும். ஒரே ஒரு தடவை போதும் என்றிருந்தேன்.

கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டில் உரக்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குப் பூச்சிமருந்து வாசனை நிரந்தரம். அங்கே உட்கார்ந்துகொண்டுதான் கல்வராயன் மலையில் சாமையும் கடுக்காயும் கொள்முதல் செய்கிற ஒரு விவசாயிகள் குழுவுக்கு ஆப் எழுதினோம். மூட்டையை எடை போட்டதும் போனில் பதிய வேண்டும், போன் அதைச் சர்வருக்கு அனுப்ப வேண்டும். அனுப்புகிற பகுதி எனக்கும் அமலிக்கும் பொறுப்பு. அலுவலகத்தில் எல்லாம் சர்ரென்று போயிற்று. வெள்ளிமலைக்குப் போய் ஊரைக் கூட்டி வைத்து ஓட்டிக் காட்டினோம். அங்கே சிக்னல் காற்றடித்தால் வரும், மாடு குறுக்கே போனால் போகும். போன் அனுப்பியது சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் சேர்ந்தது என்கிற பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. பதில் வரவில்லையே என்று ஆப் மறுபடி அனுப்பியது, அப்புறம் மறுபடியும் அனுப்பியது. சடையன் என்கிற பெரியவர் கொண்டு வந்த ஒரு மூட்டை கணக்கில் மூன்றாக நின்றது. அவர் போனை எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "நான் ஒண்ணுதானே கொண்டாந்தேன். மூட்ட எப்ப குட்டி போட்டுச்சி?" கூட்டமே சிரித்தது. நான் டவரைத் திட்டினேன். அமலி திட்டவில்லை. பஸ்ஸில் இறங்கி வரும்போது வழி நெடுக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் நான் வரும்போது அவள் லேப்டாப்பில் எதையோ ஓட்டிக்கொண்டிருந்தாள். இன்னாடி இது என்றேன். "தெனம் மலைக்குப் போயி டெஸ்ட் பண்ண முடியுமா வசந்தி? அதான் மலைய இங்க கொண்டாந்துட்டேன்" என்றாள்.

அமலியின் வீட்டார் வந்திருக்கிறீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன். சர்வர் என்றால் எங்கோ தூரத்தில் குளிர்சாதன அறையில் இருப்பது என்றுதான் பலரும் நினைப்பார்கள். கேட்டால் பதில் சொல்கிற எதுவும் சர்வர்தான், அது நம் மேஜை மேலேயே இருக்கலாம். அமலி தன் லேப்டாப்பிலேயே சின்னதாக ஒரு போலி சர்வரை எழுதி ஓட்டினாள். இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலை இல்லை. நாங்கள் எழுதிய கோடு, அதாவது ஆப்பை ஓட்டுகிற நிரல், நிஜ சர்வரிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு அதனிடம் பேசும். அது வேண்டுமென்றே வம்பு செய்யும். பதில் சொல்லாமல் இழுத்தடிக்கும். பாதி சொல்லிவிட்டுப் பட்டென்று அறுத்துக்கொள்ளும். கொடுத்ததை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு வாங்கவே இல்லை என்பது போல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மலையில் நடந்த அத்தனையும் மேஜை மேல் நடந்தது. ஒவ்வொரு எடைக்கும் போனே ஒரு எண் போட்டு அனுப்ப வேண்டும், அதே எண் மறுபடி வந்தால் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிற வழியும் அன்றைக்கே கிடைத்துவிட்டது. சடையன் மூட்டை அதற்கப்புறம் குட்டி போடவில்லை.

சார் வந்து பார்த்தார். இதுக்கு இன்னாம்மா பேரு என்றார். "மாமியாரு சார்" என்றாள். "கண்ணாலம் ஆவாத பொண்ணு, உனக்கு மாமியார பத்தி இன்னா தெரியும்?" என்று கேட்டார். "வசந்தி சொல்றத தெனம் கேட்டுக்கினுதான சார் கீறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே எப்படி இருந்தது தெரியுமா? வீட்டில் மாமியாரோடு குப்பை கொட்டுகிறவள் நான். மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் புலம்பியவள் நான். சரக்கு முழுக்க என்னுடையது, பேர் வாங்கியவள் அவள்.

அந்த மாமியார் பேசவும் செய்தாள். சர்வர்கள் ஆங்கிலத்தில் ஏதோ எண்ணைச் சொல்லும், அமலி அந்த எண்ணோடு நம்ம ஊர்ப் பேச்சையும் எழுதி வைத்தாள். வேலை அதிகம் என்றால் "இப்ப ஆவாது, அப்பறம் வா" என்று வரும். தேடியது கிடைக்கவில்லை என்றால் "அப்பிடி யாரும் இங்க இல்லீங்க". எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் "சரி, வெச்சிட்டுப் போ". இதெல்லாம் விளையாட்டு வேலை, நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நான் சொன்னேன். அவள், "மாமியாருகிட்ட குப்ப கொட்டுன கோடு எந்த மலையிலயும் பொழைச்சிக்கும், பாரு" என்றாள். அந்த வாக்கியம் அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் வந்து, மாமியார எப்பிடிக்கா ஸ்டார்ட் பண்றது என்று கேட்பார்கள். அவளைக் கேளு என்று விடுவேன்.

அவளும் ஒரு தடவை சறுக்கினாள். சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மாமியாரிடம் சோதித்துக்கொண்டிருந்த கோடில், சர்வர் எங்கே இருக்கிறது என்று முகவரி எழுதுகிற இடத்தில், இந்தக் கணினிக்குள்ளேயே என்று பொருள் தருகிற முகவரி இருக்கும். அதை மாற்றாமலேயே ஆப்பை மலைக்கு அனுப்பிவிட்டாள். போனில் போய் உட்கார்ந்ததும் அதே முகவரிக்கு இந்தப் போனுக்குள்ளேயே என்று பொருள் ஆகிவிட்டது. காலையிலிருந்து போட்ட எடையில் ஒன்றுகூட வெளியே போகவில்லை. நாங்கள் இருவரும் வெள்ளிமலைக்கு ஓடினோம். வழியெல்லாம் எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இன்றைக்கு இவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அவள் போனை வாங்கிப் பார்த்தாள், பார்த்த உடனே சிரித்துவிட்டாள். "இது தன் வூட்டுக் கதவ தானே தட்டிக்கினு, யாரும் தொறக்கலயேன்னு நின்னுக்கினு கீது" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "தப்பு என்னுதுங்க. உங்க எட எதுவும் போவல, எல்லாம் போனுக்குள்ளதான் கீது. சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடறேன்" என்றாள். சடையன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கீழேர்ந்து வந்து தப்புன்னு ஒத்துக்கின ஆளு நீ ஒருத்திதாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அவள் கையில் லேப்டாப் இருந்தது. அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் அந்தப் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான். தப்பு செய்தவளுக்குப் பலாப்பழமா என்று பஸ்ஸிலேயே கேட்டேன். "பாதி ஒனக்குடி" என்றாள். பாதிக்கு மேலேயே கொடுத்தாள். அதுவும் எரிச்சல்தான்.

பொறுக்க முடியாமல் நானும் ஒரு போலி சர்வர் எழுதினேன். நாத்தனார் என்று பேர் வைத்தேன். மாமியாரைவிடக் கொடுமையாக இருக்க வேண்டும், அமலியின் கோடு அதனிடம் விழ வேண்டும், அவ்வளவுதான் என் நோக்கம். இன்னும் மெதுவாகப் பதில் சொல்ல வைத்தேன், எழுத்தை எல்லாம் கலைத்து அனுப்ப வைத்தேன். அமலி தன் கோடை அதனிடம் ஓட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. "நாத்தனாரு ரொம்ப நல்ல மாதிரியா கீறாங்களே" என்றாள். நான் அன்று மத்தியானம் அவளோடு சாப்பிடவில்லை.

ஆனால் விடவில்லை. வீட்டில் என் நிஜ நாத்தனார் விருந்துக்கு வந்திருந்தபோதுதான் பொறி தட்டியது. வாங்க அண்ணி, உட்காருங்க அண்ணி, நான் பாத்துக்கறேன் என்று வாய் நிறையச் சொல்வாள், ஒரு தட்டைக்கூட எடுத்து வைக்கமாட்டாள். கொடுமைக்காரர்களிடம் எல்லோரும் உஷாராகத்தான் இருப்பார்கள், சிரித்த முகத்திடம்தான் ஏமாறுவார்கள். மறுநாள் என் சர்வரை அப்படி மாற்றினேன். எதைக் கொடுத்தாலும் சரி என்கிற பதிலை உடனே கொடுக்கும். உள்ளே பார்த்தால் பராமரிப்புப் பணி நடக்கிறது, பிறகு வரவும் என்கிற பக்கம் இருக்கும். நிஜ சர்வர்களும் சில நாள் இப்படிச் செய்வதுண்டு. அமலியின் கோடு சரி என்ற சொல்லை மட்டும் பார்த்தது. பதிலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவில்லை. வேலை முடிந்தது என்று நம்பி, போனிலிருந்த எடையை எல்லாம் அழித்துவிட்டது. மலையில் இது நடந்திருந்தால் ஒரு நாள் கொள்முதல் தடம் இல்லாமல் போயிருக்கும்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் காத்திருந்தது அதற்குத்தானே. அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. "சார், இங்க வாங்க. இவ இன்னா கண்டுபுடிச்சிக்கீறா பாருங்க" என்று கத்தினாள். அலுவலகம் முழுவதையும் கூப்பிட்டு, தான் எங்கே எப்படி ஏமாந்தாள் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினாள். என் வெற்றியை என்னைவிட அவளே நன்றாகச் சொன்னாள். கேட்டவர்கள் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று வீட்டுக்குப் போய் நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு, அவள் தங்கை பிலோமினா எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். கேட்கக் கூடாத நேரம்தான். எனக்கு அதைவிட்டால் கேட்க வேறு நேரம் ஏது? "அமலி என்ன பத்தி எதனா கொறையா சொல்லுவாளா?" என்று கேட்டேன். ஒரு குறை, ஒரு புகைச்சல், வசந்திக்கு மட்டும் இது எப்படித் தோன்றியது என்று ஒரு பெருமூச்சு, எதுவானாலும் சரி என்றிருந்தது.

அந்தப் பெண் நான் வருத்தப்படுவதாக நினைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ, இல்லீங்க. உங்க மேல அக்காவுக்கு ஒரு கொறையும் கெடையாது. ஒரு நாளு எல்லாருக்கும் கேக்கு வாங்கினு வந்துச்சி. யாருக்கு பொறந்தநாளுன்னு அம்மா கேட்டாங்க. பொறந்தநாளு ஒண்ணும் இல்லம்மா, இன்னிக்கி ஆபீஸ்ல வசந்தி என்ன ஜெயிச்சிட்டா அப்பிடின்னுச்சி" என்றாள்.

ஜெயிச்சிட்டா. அந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் காத்துக்கிடந்தேன். அவள் அதைச் சொல்லியிருக்கிறாள், தோற்ற அன்றைக்கே, கேக் வெட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறாள். நான் ஜெயித்த அன்று என் வீட்டில் என்ன இருந்தது என்று சற்றுமுன் வாசித்தேன். அமலியின் மூளையைப் பார்த்துத்தான் பொறாமைப்படுகிறோம் என்று நினைத்திருந்தேன். மூளையை எப்படியாவது எட்டிப் பிடித்துவிடலாம். இன்னொருத்தி ஜெயித்ததற்கு என் வீட்டில் கேக் வெட்ட எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

சார் அவள் வேலைகளை எல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டார். இப்போது எனக்கு முன்னால் யாரும் இல்லை. போன வாரம் நான் எழுதியதைப் பார்த்து எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நிமிர்ந்து பார்த்தேன், வயிறெரிய எதிரே ஆள் இல்லை. அவளிடமிருந்து என்ன வைத்துக்கொள்கிறாய் என்று கேட்டால் இந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்வேன். அது இருந்ததால்தான் நான் வேலை கற்றேன். நாள் போகப் போக எல்லாம் ஆறிவிடும் வசந்தி என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஆற விடமாட்டேன்.