திறந்த கையே மூடட்டும்

என் மருமகளைத் தக்காளி ஆலையில் மூக்குக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். தக்காளி விழுதைக் குழாய்க்குள் தள்ளுகிற பம்புகளைக் கழற்றிக் கழுவுவது அவள் வேலை. கழுவியதும் பம்பின் வாய்க்குள் மூக்கை விட்டு முகர்ந்து பார்ப்பாள். துளி புளித்த வாடை வந்தாலும் மறுபடி முதலிலிருந்து கழுவுவாள். "ஊர்ப் பிள்ளைங்க நக்கித் தின்கிற சாமான் அத்தை, நம்ம வீட்டுப் பாத்திரத்தைவிடச் சுத்தமா இருக்கணும்" என்பாள். வீட்டுப் பாத்திரம் கழுவுகிறவள் நான். மறந்துபோய்ச் சொல்கிறாளா, நினைத்தே சொல்கிறாளா என்று கேட்டதில்லை.

அதே ஆலையில் அந்தப் பம்புகளை ஓட்டுகிறவன் என் மகன். அவனைப் பற்றி நல்லதாகக் கேட்க வேண்டுமென்றால் இன்னொரு நாள் வாருங்கள்.

பெரிய பம்புக்குள் ஒரு ரப்பர் உறை உண்டு. அதற்குள் இரும்புத் திருகு சுழன்று விழுதை முன்னே தள்ளும். விழுதின் ஈரம்தான் ரப்பருக்குக் காவல். வெறுமனே ஓடவிட்டால் இரும்பு ரப்பரைத் தேய்த்துக் கருக்கிவிடும். இது அங்கே வாசல் பெருக்குகிறவருக்கும் தெரியும். தெரிந்தும் என் மகன் பம்பைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். தொட்டி காலியானது. பம்பு கத்தியது. ஓடி வந்து நிறுத்தினான். தொட்டியை நிரப்பி, ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி ஓட்டினான். கருகிய ரப்பர், மிளகு தூவியது போல் விழுதெல்லாம் கலந்தது. அத்தனையும் சாக்கடைக்குப் போனது.

மருமகள் பம்பைக் கழற்றித் தட்டில் பரப்பினாள். மேனேஜர் வந்து வெடித்த ரப்பரைப் பார்த்தார். "வறண்டு ஓடிச்சா?" என்று என் மகனைக் கேட்டார். "இல்ல சார்" என்றான்.

"அப்போ நீதாம்மா. கொதிக்கிற தண்ணியில ஊறப் போட்டு ரப்பரை வேக வச்சுட்டே. கழுவத் தெரியாதவளுக்கு இங்க என்ன வேலை? கிளம்பு" என்று எல்லார் முன்னாலும் அவளை அனுப்பிவிட்டார்.

நடுப்பகலில் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். "பம்பு கத்தினது என் காதுல விழுந்துச்சு அத்தை. ஓடி வந்தவர் முகத்தையும் பார்த்தேன்."

"அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"அவர் வாயால வரட்டும்னு நின்னேன். வந்தது அந்த 'இல்ல சார்'தான்."

சாயங்காலம் என் மகன் பெரிய துரை மாதிரி வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தான். நான் தட்டு வைக்கவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவனே வாயைத் திறந்தான். "பம்பு ஓட்டுற வேலை போனா மறுபடி கிடைக்காதும்மா. இவளுக்குக் கழுவுற வேலைதானே, எங்க வேணாலும் போய்க் கழுவிக்கலாம்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "கழுவத் தெரியாதவன்னு பேர் வாங்கினவளை எந்த ஆலையில சேர்ப்பாங்க? உங்களுக்குப் போனா வேலை மட்டும்தான் போகும். எனக்கு என் கையே போச்சு."

அவன் எழுந்து தட்டைத் தானே எடுத்துக்கொண்டான். கல்லுளிமங்கன்.

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு கேள்விப்பட்டிருக்கேன். ரெண்டும் ஒரே வீட்டுல குந்தியிருக்கிறதை இன்னைக்குத்தான்டா பார்க்கிறேன்" என்றேன். "காலையில நீ போய்ச் சொல்லணும். சொல்லலேன்னா ஆலை வாசல்ல நின்னு நான் சொல்லுவேன். என் தொண்டை உனக்குத் தெரியும்."

"பெத்த பிள்ளையைக் காட்டிக் கொடுப்பியா?"

"பெத்ததாலதான்டா எனக்கு அந்த உரிமை."

காலையில் போய்ச் சொன்னான். மனசு திருந்தியா, என் தொண்டைக்குப் பயந்தா என்று நான் ஆராயவில்லை.

மேனேஜர் மருமகளுக்கு ஆள் அனுப்பினார். நியாயம் பார்த்து அனுப்பியதாக நினைத்துவிடாதீர்கள். பம்பைத் திறந்த கைதான் மூட வேண்டும் என்பது அந்த ஆலைச் சட்டம். யாரோ ஒருமுறை போல்ட்டை விட்டுவிட்டு மூடியதால் அவரே போட்ட சட்டம். புது ரப்பர் வந்துவிட்டது. வாசலில் தக்காளி லாரிகள் நின்றன. தட்டில் பரப்பியவை பரப்பியபடி கிடந்தன. வேறு யாரும் தொடவில்லை.

அப்புறம் நடந்ததைக் கழுவும் பகுதிப் பெண்கள் வீட்டுக்கே வந்து சொன்னார்கள். அவள் போய்த் தட்டின் பக்கத்தில் கை கட்டி நின்றிருக்கிறாள்.

"மூடும்மா, பழம் அழுகுது."

"நேத்து இங்க நின்னு எல்லார் முன்னாலயும் ஒண்ணு சொன்னீங்க சார். இன்னைக்கு நெஜத்தையும் இங்கயே சொல்லுங்க. மூடுறேன்."

"உன் கழுவல்ல தப்பில்ல. போதுமா?" என்று முணுமுணுத்திருக்கிறார்.

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல சார்."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மேனேஜர் மறுபடி சொன்னார், உரக்க. அதன் பிறகுதான் அவள் கை உறையை மாட்டிக்கொண்டு புது ரப்பரை எடுத்தாள்.

மன்னிப்பு என்ற சொல்லை அந்த மனுஷன் இன்றுவரை சொல்லவில்லை. அதை நான் மறக்கப் போவதில்லை.

என் மகனை வேலையைவிட்டு அனுப்பவில்லை, கழுவும் பகுதியில் போட்டார்கள். எங்க வேணாலும் கழுவிக்கலாம் என்றானே, கழுவட்டும். அவன் கழுவி வைத்த பம்புக்குள் மருமகள் மூக்கை விடுவாள். "மறுபடி" என்பாள். வீட்டிலும் அவனிடம் அதற்குமேல் அவள் பேசுவதில்லை. சமாதானமாகப் போகச் சொல்லு என்று அவன் என்னைக் கெஞ்சுகிறான். நான் சொல்லமாட்டேன்.