சத்தமில்லாத படத்துக்குச் சிரித்தவர்

ராஜாங்கம் யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். பால்காரர் ஆனாலும் சரி, பெண் கேட்டு வந்தவர்கள் ஆனாலும் சரி. மகள் வசந்தா சின்ன வயதிலிருந்தே இதைக் கவனித்துவந்தாள். காரணம் அவளுக்குப் பதினோரு வயதில்தான் புரிந்தது. மில்லில் இருபத்திரண்டு வருஷம் தறி ஓட்டியதில் அப்பாவின் காது முக்கால்வாசி போயிருந்தது.

தறி ஷெட்டுக்குள் காது நன்றாக இருப்பவனுக்கும் ஒன்றும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் கையால் பேசினார்கள். இரண்டு விரலை உதறினால் நூல் அறுந்துவிட்டது. கன்னத்தில் கை வைத்தால் டீக்கு நேரமாகிவிட்டது. மேலுதட்டின் மேல் மீசையை முறுக்கிக் காட்டினால் மேஸ்திரி வருகிறார், சிரிப்பை நிறுத்து. வேலை நேரத்தில் சிரித்து மாட்டியவனை அரை நாள் வெளியே நிறுத்திய காலம் அது. வசந்தாவும் அவள் அம்மா ஆதிலட்சுமியும் இந்தச் சைகைகளை வீட்டிலேயே கற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உப்பளம் பகுதியில் ஒரு சங்கத்துக் கூடத்தில் அப்துல் மாலிக் டிக்கெட் போட்டுப் படம் காட்டுவார். ஊரைவிட்டுப் போன பிரெஞ்சுக் குடும்பம் ஒன்றிடம் வாங்கிய பழைய புரொஜெக்டர், ஒரு பெட்டி நிறைய ஊமைப்படச் சுருள்கள். எல்லாம் கறுப்பு வெள்ளைப் பொம்மைப் படங்கள், ஏழெட்டு நிமிஷம் ஓடுபவை. நடுநடுவே பிரெஞ்சில் எழுத்து வரும். யாரும் படித்ததில்லை, படிக்காததால் எதுவும் குறைந்துபோனதும் இல்லை.

அதில் ஒரு கரடிப் படம். கரடி ஆற்றைத் தாண்ட வேண்டும், பாலம் இல்லை. யோசித்துப் பார்த்துத் தன் நிழலையே பாய் மாதிரிச் சுருட்டி எடுத்து, ஆற்றின் குறுக்கே விரித்து, அதன்மேல் நடந்து போகும். பாதி வழியில் சூரியனை மேகம் மறைக்கும். நிழல் காணாமல் போகும். கரடி உடனே விழாது. கீழே பார்க்கும். பிறகு நம்மைத் திரும்பிப் பார்க்கும். அதற்கப்புறம்தான் விழும்.

சினிமாக் கொட்டகையில் ராஜாங்கம் பக்கத்து ஆளிடம் "என்னா சொல்றான்? என்னா சொல்றான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஊரே சிரித்து ஓய்ந்தபிறகு இவர் சிரிப்பார். இங்கே அப்படியில்லை. திரையில் யாரும் வாயைத் திறப்பதில்லை. கரடி திரும்பிப் பார்க்கும்போதே, எல்லோருக்கும் முன்னால் அவர் சிரித்துவிடுவார். தன் சிரிப்பின் சத்தம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. கூடமே அதிர்ந்து, அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு தரம் சிரிக்கும். வீட்டுக்கு வந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆதிலட்சுமிக்குக் கரடியாக நடந்து காட்டுவார்.

1982இல் வசந்தா பி.ஏ. இரண்டாம் வருஷம். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். கூடப் படித்த சந்திரகலாவின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அவளிடம் வசந்தா, தன் அப்பா மில் ஆபீஸில் இருக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தாள். அந்த வருஷம் பிரெஞ்சு வகுப்பு முழுவதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலிக்கின் படங்களைப் பார்க்க வந்தது. எழுத்து வரும்போது வாசித்துப் பழகட்டும் என்பது ஆசிரியரின் யோசனை.

கூடத்தை நிறைத்து மாணவிகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை ஓரத்தில் ராஜாங்கம். கரடி திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்தார். அன்றைக்கு அந்தச் சிரிப்போடு சேர்ந்துகொள்ள யாருமில்லை.

"யாருடி அது? தண்ணி போட்டுட்டு வந்துருக்காரா?" என்றாள் சந்திரகலா.

"தெரியலடி" என்றாள் வசந்தா.

அதே சமயம், சிரிப்பு அடங்காமலே அவர் மகளைத் தேடித் திரும்பினார். எப்போதும் அப்படித்தான், அவளும் சிரிக்கிறாளா என்று பார்ப்பார். வசந்தாவின் கை தன்னால் மேலே போனது. மேலுதட்டின் மேல் மீசையை முறுக்கிக் காட்டியது.

ராஜாங்கத்தின் வாய் சட்டென்று மூடிக்கொண்டது. மேஸ்திரி எங்கே என்று வாசல் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பிறகு அந்தப் பெண்களைப் பார்த்தார், அவர்கள் கையிலிருந்த நோட்டுகளைப் பார்த்தார், கடைசியாக மகளைப் பார்த்தார். வசந்தா திரையைப் பார்த்துக்கொண்டாள்.

"என்னாடி, ஒங்கப்பா பொம்மப் படம் பாத்துட்டு வந்து ஒண்ணுமே காட்டல?" என்று அன்றைக்கு ஆதிலட்சுமி கேட்டாள்.

"எனக்கென்னா தெரியும்" என்றாள் வசந்தா.

அதற்குப் பிறகும் அவர் வாராவாரம் போனார். கடைசி வரிசையில் உட்காருவார். தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வசந்தா எத்தனையோ நாள் நினைத்தாள். அவரிடம் எதைச் சொல்வதென்றாலும் எதிரே நின்று, வாயை நன்றாகத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும். கையால் சொல்லிவிடலாம் என்றால் தறி ஷெட்டில் அதற்குச் சைகை கிடையாது. ஒருநாள் துணிந்து எதிரே போய் நின்றேவிட்டாள். அவர் அவள் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"சாப்புட வாப்பா" என்றாள்.

1987இல் பஞ்சுத் தூசி அடைத்த நெஞ்சோடு ராஜாங்கம் போய்ச் சேர்ந்தார். கருமாதி அன்றைக்கு மாலிக் வந்து உட்கார்ந்தார்.

"ஒங்கப்பாகிட்ட நான் டிக்கெட்டுக் காசே வாங்குனதில்லம்மா. ஊமப் படம் பாரு, ஒருத்தர் மொதல்ல சிரிச்சாத்தான் மத்தவங்களுக்குச் சிரிப்பு வரும். 'நீ சும்மா வா, சிரிச்சுக் குடு, அதான் காசு'ன்னு சொல்லியிருந்தேன். அஞ்சு வருசமா சத்தத்தையே காணும். என்னா ராஜாங்கம்னு கேட்டா, 'தொண்ட சரியில்ல பாய், அடுத்த வாரம் சேத்துச் சிரிச்சுடறேன்'னுவாரு. ஒவ்வொரு வாரமும் இதே பேச்சு." அவர் லேசாகச் சிரித்தார். "அம்பது வாரமா, எரநூறு வாரமா, எவ்ளோன்னு யாரு கண்டா. அத்தனையும் பாக்கி வெச்சிட்டுப் போயிட்டாரும்மா."

வசந்தா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அது யாரால் வந்த பாக்கி என்று அவள் சொல்லவில்லை.