இடது ஓரத்தில் இருந்த காய்ச்சல்

முதல் அறிகுறியை நான் கண்டுபிடிக்கவில்லை. கூட வேலை செய்யும் தேவகிதான் கண்டுபிடித்தாள். அதற்கு நான் அவளை ஏசியும் விட்டேன்.

பழைய கையெழுத்துக் கொப்பிகளின் படங்களைப் பார்த்துக் கணினியில் தட்டச்சு செய்வது என் வேலை. லண்டன் லூயிஷாமில், வீட்டில் இருந்தபடியே செய்வேன். அப்போது எடுத்திருந்தது, அமெரிக்கப் பாலைவனத்தில் குடியேறிய மோர்மன் சமயப் பெண் ஒருத்தியின் நாட்குறிப்பு. நாளுக்கு ஒரு வரி. வாய்க்கால் வெட்டினோம், வெள்ளம் அணையைக் கொண்டுபோனது, திரும்பக் கட்டினோம். ஒரு கிழமை, ஏழு நாளாக, அடித்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

சரிபார்ப்பவள் தேவகி, சென்னைப் பிள்ளை. போனில் கேட்டாள்: "அக்கா, இடது ஓரத்துல சின்னச் சின்னதா எழுதியிருக்காங்களே, அதை ஏன் விட்டுட்டே வர்றீங்க?"

"ஓரத்தில ஒண்டும் இல்லையே. எனக்குக் கண் தெரியாதெண்டு சொல்லுறீரோ?"

"இருக்குக்கா. நிறைய வரியில இருக்கு. குழந்தைக்குக் காய்ச்சல்னு."

மறுபடி பார்த்தேன். சத்தியமாக இல்லை. இடது தோள் கதவு நிலையில் இரண்டு தரம் இடிபட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் கணவரைக் கூப்பிட்டேன். இவர் ஆஸ்பத்திரிக்குக் காரை எடுத்தார்.

"கண்ணில் பழுதில்லை" என்றார் வைத்தியர். பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் அடைபடுவது) பார்வைக்குரிய பகுதியைத் தாக்கியிருந்தது. இரண்டு கண்ணிலும் இடது பாதி போய்விட்டது. திரும்புமா என்று கேட்டேன். கொஞ்சம் திரும்பலாம், உறுதி சொல்ல முடியாது, இன்னொரு அடைப்பு வராமல் பார்ப்பதுதான் முதல் வேலை என்றார். வாசிக்க ஏலாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று கட்டிலில் கிடந்து அழுதேன்.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இருட்டாகத் தெரியும் என்று காத்திருக்காதீர்கள். தெரியாத பாதியை மூளை வெறுந்தாளாக நிரப்பிவிடும். பாதிச் சோற்றோடு நான் கை கழுவ எழும்பினால் இவர், "இஞ்சரப்பா, மிச்சம் ஆருக்கு?" என்று சோற்றுக் கோப்பையை மிச்சம் வலப்பக்கம் வரத் திருப்பி வைப்பார். சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும்.

பயிற்சி தந்த பெண் திரையின் இடது விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டினாள். சிவப்புத் தெரியும்வரை தலையைத் திருப்ப வேண்டும். அதை இரண்டு தரம் பிய்த்து எறிந்திருக்கிறேன். சில மாதங்களில் பார்வை கொஞ்சம் திரும்பியது. முழுதாக இல்லை.

வேலைக்குத் திரும்பியதும் அதே கொப்பியைக் கேட்டேன்.

"வேற ஒண்டைக் கேளுமன்" என்றார் இவர்.

"ஏலாது. நான் விட்டதை நான்தான் அடிப்பன்."

ஓரம் தெரிந்தது. காய்ச்சல். காய்ச்சல். இருமலும் கூட. பால் குடிக்கவில்லை. அடுத்த வரியில் ஓரம் வெறுமை. தலையைத் திருப்பினேன், சிவப்புத் தெரிந்தது, விரலை வைத்துத் தடவினேன். அப்போதும் வெறுமை.

"இஞ்ச ஒருக்கா வாங்கோ. இதில ஏதும் எழுதியிருக்கோ?"

இவர் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். "இல்லையப்பா. வெறுந்தாள்தான்."

அப்பாடா என்று இருந்தது. என் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. பிறகு அதே வரியின் வலப்பக்கத்தை வாசித்தேன். நோயோடு இருந்த கிழமையில் நானே அடித்து அனுப்பிய வரி. "இன்று வாய்க்காலுக்குப் போகவில்லை. அவர் பலகை அறுத்துச் சின்னப் பெட்டி ஒன்று செய்தார்." விதை போட்டு வைக்கவாக்கும் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன்.

இப்போது எந்த வரியையும் நான் நேரே தொடங்குவதில்லை. முதலில் கழுத்து தானாக இடப்பக்கம் திரும்புகிறது. முன்பு ஒரு பக்கத்துக்கு ஆன நேரம் இன்று இரண்டு வரிக்கு ஆகிறது. ஆகட்டும்.