பொட்டு வைக்காத பதினோரு பிளேடு

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. எது என் வயிற்றுப் பிள்ளை, எது இல்லை என்று எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஆனால் இங்கே சொல்ல வந்தது வேறு பெருமை.

போன மாதம் என் பேத்தி மரத்தில் பெயர்ப் பலகை அறுக்கிற மெஷின் ஒன்று வாங்கினாள். நூல் போன்ற பிளேடை அது மேலும் கீழும் ஆட்டும். பலகையை நாம் கையால் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் எழுத்து வளைவு வளைவாக வந்துவிடும். அவளுக்கோ பிளேடுதான் பட்டுப் பட்டென்று தெறித்தது. போனில் யார் யாரோ பேசுவதைப் பார்த்தாள். பாக்கெட்டில் இருக்கிற நம்பரைப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவள் போட்டிருந்தது மெல்லிய தகட்டுப் பலகைக்கான பிளேடு; வைத்திருந்ததோ முக்கால் அங்குலத் தேக்கு. நான் பாக்கெட்டைக் கொட்டி, ஒன்றொன்றாகப் புடவை முந்தானையில் இழுத்துப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பலகை முடிகிற வரைக்கும் அது ஒடியவில்லை.

"ஆயா, உனுக்கு எப்டி இதெல்லாம் தெரியும்?" என்று வாயைப் பிளந்தாள். அதற்குப் பதில்தான் இது; நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள் என்று அவளையே உட்கார வைத்திருக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் நைனா செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மரவேலை செய்துகொண்டிருந்தார். கதவு, நிலை, கட்டில் எல்லாம் செய்வார். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பூவேலை. பலகை மேல் கொடியும் பூவும் வரைந்த காகிதத்தைக் கஞ்சி போட்டு ஒட்டி, சின்னதாக ஓட்டை போட்டு, அதற்குள் பிளேடை நுழைத்து, வில் மாதிரி ஒரு சட்டத்தில் இழுத்து மாட்டி, அறுக்க வேண்டும். அறுத்து முடித்துத் தூக்கிப் பிடித்தால் கொடி வழியாக வெளிச்சம் வரும்.

பிளேடு பாண்டிச்சேரியிலிருந்து வரும். எண்ணெய் தடவிய காகிதத்தில் சுற்றி ஒரு தகர டப்பாவில் இருக்கும். அதில் என்னென்னவோ நம்பர் போட்டிருக்கும், எங்கள் வீட்டில் அதைப் படிப்பவர் யாருமில்லை. நைனா தானாகவே மூன்று பெயர் வைத்திருந்தார். ரொம்ப மெல்லிசு மயிரிழை. நடுவாந்திரம் அருகு, அருகம்புல் மாதிரி. தடிப்பு ஈர்க்கு. பலகையின் கனத்துக்குள் எந்நேரமும் மூன்று பல்லாவது நிற்க வேண்டும் என்பார். அதற்குக் குறைந்தால் மரம் துள்ளும். நிறைய இருந்தால் தூள் வெளியே வராமல் பிளேடு சூடேறி ஒடியும். வளைவு சிறுத்தால் பிளேடும் சிறுக்க வேண்டும். பல் கீழ்நோக்கிப் பார்க்கிறதா என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் பாவாடையில் இழுத்துப் பார்ப்பேன். ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் நூலைப் பிடிக்கும். நைனாவுக்குப் பிளேடு எடுத்துக் கொடுப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தில் நான் கடைசி பெஞ்சு. கொட்டகையில் எனக்கு முன்னால் ஒருவரும் கிடையாது.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு முன்னால் ஜவுளிக்கடை பாய் ஒரு வேலை கொடுத்தார். அவர் மகளுக்கு நிக்காஹ். பெண்ணோடு கொடுத்தனுப்ப ஒரு ரெஹால் வேண்டும். குர்ஆனை விரித்து வைத்து ஓதுகிற மடக்குப் பலகை அது. இரண்டு பலகையைச் சேர்த்துக் கீல் அடித்தால் அது ரெஹால் ஆகாது. ஒரே பலகையைக் கனத்தில் பிளந்து, மரத்திலேயே கீலும் வெட்டி, விரித்தால் இரண்டு இலையாக நிற்க வேண்டும். ஆணி கிடையாது, பசை கிடையாது. ஓர் இலையில் ஒரு சுருள் ஒடிந்தாலும் இரண்டு இலையும் வீண். அந்த மாதிரித் தேக்கு வேறு கையில் இல்லை. நிக்காஹ் விஜயதசமிக்கு மறுநாள். பூசைக்குக் கருவிகளை வைக்கிற அன்றைக்கு ஓர் இலையில் பூவேலை முடிந்திருந்தது. மற்றது பாக்கி.

எங்கள் வீட்டில் பூசைக்கு முதல் நாள் சாயங்காலமே கருவிகளை வைத்துவிடுவோம். விஜயதசமிக் காலையில்தான் எடுப்போம். நடுவில் இரண்டு ராத்திரி ஒருவரும் தொடக்கூடாது. பொட்டு வைக்கிற வேலை எனக்கு. இழைப்புளி, உளி, வாள், சுத்தி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து பொரியைத் தின்றுகொண்டே வம்பு பண்ணினார்.

"எல்லாத்துக்கும் வெக்கணும் பாப்பா. ஒண்ண உட்டாலும் அது கோச்சிக்கினு வேல நேரத்துல பழி வாங்கும்."

"பிளேடுக்குமா சித்தப்பா?"

"சின்னதுக்குத்தான் ரோஷம் ஜாஸ்தி. உன்ன மாரி."

அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் டப்பாவைத் திறந்தேன். மூன்று டஜனுக்கு ஒன்று குறைவு. எண்ணெய்ப் பிசுக்கில் சந்தனம் ஒட்டவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. பின்கட்டில் அம்மா குத்துவிளக்கையும் சொம்பையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு தங்கம் மாதிரி ஜொலித்தது. எனக்கு யோசனை வந்துவிட்டது. மிஞ்சின புளியை வாங்கி வந்து ஒவ்வொரு பிளேடாகத் தேய்த்தேன். எண்ணெய் போயிற்று, கறுப்புப் போயிற்று, வெள்ளிக் கம்பி மாதிரி ஆயிற்று. விரலை இரண்டு இடத்தில் கிழித்துக்கொண்டேன். அதையும் சாமிக்கென்று வைத்துக்கொண்டேன். வாழையிலையில் வரிசையாக அடுக்கி, பொட்டு வைத்து, மேலே சாமந்தியைக் கொட்டினேன்.

இரண்டு டஜன் முடிந்தபோது சந்தனமும் தீர்ந்தது, எனக்கும் போதுமென்று ஆகிவிட்டது. பதினொன்று மிச்சம். அதை எண்ணெய்க் காகிதத்தோடு சுருட்டி என் சொப்புப் பெட்டியில் ஒளித்துவைத்தேன். எல்லாத்துக்கும் வெச்சிட்டியா என்று சித்தப்பா கேட்டார். வெச்சிட்டேன் என்றேன். சாமி முன்னால் நான் சொன்ன முதல் பொய் அது. இரண்டு நாளும் சரியாகச் சோறு இறங்கவில்லை.

அந்த இரண்டு நாளும் மழை. ராஜகிரி மலை இருக்கிற இடமே தெரியவில்லை. விஜயதசமிக் காலையில் நைனா கற்பூரம் காட்டி, பூவை ஒதுக்கிப் பிளேடை எடுத்தார். எல்லாம் செம்மண் நிறத்தில் இருந்தன.

"மழ ஈரம் ஏறிடுச்சு," என்று சொல்லி மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். முதல் பிளேடை மாட்டி நாலு இழுப்பு இழுத்தார். டிக். இரண்டாவது இரண்டே இழுப்பு. மூன்றாவது வில்லில் மாட்டும்போதே போயிற்று. சின்னதுக்கு ரோஷம் ஜாஸ்தி. பொட்டு வைக்காமல் விட்ட பதினொன்றும் சொப்புப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, பொட்டு வைத்ததையெல்லாம் ஒடிக்கிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

பாய் குடையோடு வந்து நின்றார். "ஆச்சாரி, எங்கம்மா காலைலேர்ந்து கேட்டுக்கினே இருக்குது. ஆவுமா, ஆவாதா?"

"வெளக்கு வெக்கறதுக்குள்ள வூட்டாண்ட கொண்டாந்து குடுக்கறேன் பாய்," என்றார் நைனா. அவர் காலடியில் பதினேழு துண்டாகப் பிளேடு கிடந்தது. பாய் அதைப் பார்த்தார், குடையை விரித்துக்கொண்டு போனார்.

பூசையில் வைத்த மிச்சப் பிளேடும் அப்படியே ஒடிந்து தீர்ந்தது. பாண்டிச்சேரிக்குப் போய் வர நேரமில்லை, போனாலும் பண்டிகைக்குக் கடை திறந்திருக்காது. சித்தப்பா ஊருக்குள் ஓடி, இன்னொரு ஆச்சாரியிடமிருந்து நாலு பிளேடு வாங்கி வந்தார். எல்லாம் ஈர்க்கைவிடத் தடிப்பு. கழிவுக் கட்டையில் நைனா ஒரு சுருளை அறுத்துப் பார்த்தார். வளைவு திரும்பும்போது நுனி பொடுக்கென்று போயிற்று.

"மூக்கு ஒடிஞ்ச கிளி மாரி இருக்குது," என்றார் சித்தப்பா. நைனா சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முடிந்த இலையையும் முடியாத இலையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படி அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அடுப்படியில் ஒரு புளி உருண்டை எடுத்தேன், சந்தனம் இழைத்தேன், சொப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து, முதல் பிளேடை எடுத்து, புளியைத் தொட்டபோது பின்னால் நைனா நின்றார்.

"இன்னா பாப்பா பண்ற?"

அழுகையோடு எல்லாம் கொட்டிவிட்டது. "இந்தப் பதினொண்ணுக்கு மட்டும் பொட்டு வெக்கல நைனா. அதான் கோச்சிக்கினு அதுங்கள ஒடிக்குது. இதோ இப்பவே தேச்சு வெச்சுடறேன்."

நைனா உட்கார்ந்தார். என் கையிலிருந்த புளியை வாங்கி முகர்ந்து பார்த்தார். "மத்ததெல்லாம் இதாலதான் தேச்சியா?"

"ஆமா. வெளக்கு மாரி பளபளன்னு ஆவட்டும்னு."

அதற்குள் சித்தப்பா வந்துவிட்டார். "அடிப்பாவி! அண்ணே, இவ புளியப் போட்டு..."

"நீ வாய மூடுறா," என்றார் நைனா.

அவர் தம்பியிடம் அப்படிப் பேசுகிறவர் இல்லை. சித்தப்பா வாயைத் திறந்தபடியே நின்றார். நைனா அந்தப் பதினொன்றையும் என் பாவாடை மேல் ஒன்றொன்றாக வைத்தார்.

"இதுங்களுக்குக் கோவம் ஒண்ணுமில்ல. அதெல்லாம் மழ ஈரத்துல போச்சு. நீ எடுத்து வெக்கலன்னா இதுவும் போயிருக்கும். பொட்டு வேணாம். எழுந்து வா, எதப் போடலாம் சொல்லு."

அழுகை நின்ற இடம் தெரியவில்லை. அருகு ஆறு, மயிரிழை மூன்று, ஈர்க்கு இரண்டு. பலகையின் ஓரத்தில் பிளேடை வைத்து நகத்தால் பல்லை எண்ணினேன். ஈர்க்கு இரண்டு பல்தான் நின்றது, அதைத் தள்ளிவைத்தேன். அருகு நாலு. மயிரிழையில் எண்ண முடியாத அளவுக்குப் பல். கொடிக்கு அருகு, சுருள் நுனிக்கு மட்டும் மயிரிழை என்றேன். பாவாடையில் இழுத்துப் பல் பார்க்கிற பக்கம் பார்த்துக் கொடுத்தேன், அவர் மாட்டினார். மாட்டியதும் விரலால் சுண்ட, கிண்ணென்றது. காலையிலிருந்து அந்தச் சத்தம் வரவே இல்லை.

சாயங்காலத்துக்குள் அருகு ஐந்து போயிற்று, கொடி முடிந்தது. நாலு சுருள் நுனி பாக்கி. முதல் மயிரிழை ஒரு நுனியோடு ஒடிந்தது, இரண்டாவது அடுத்த நுனியோடு. கடைசி மயிரிழைக்கு நான் மெழுகுவத்தியைத் தடவிக் கொடுத்தேன். நாலு இழுப்பு, நிறுத்து, ஆறவிடு, மறுபடி நாலு இழுப்பு. சித்தப்பா மூச்சுவிட்டால்கூட நான் முறைத்தேன். நாலாவது சுருளின் துண்டு கீழே விழுந்தபோது அந்தப் பிளேடு வில்லிலேயே இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாய் வீட்டுக்குப் போனோம். பாயின் அம்மா ரெஹாலை விரித்து விளக்குப் பக்கம் வைத்தார். சுவரில் கொடி படர்ந்தது. கல்யாணப் பெண் விரலால் அந்த நிழலைத் தொட்டுப் பார்த்தாள்.

"பிளேடெல்லாம் மழைல போச்சு பாய். பதினொண்ண இவதான் தனியா எடுத்து வெச்சிருந்தா. அதாலதான் ஆச்சு," என்றார் நைனா.

"இந்தச் சின்ன கையா?" என்று கேட்டு பாயின் அம்மா என் இரண்டு கையிலும் கல்கண்டை நிரப்பினார். நான் நிமிர்ந்து நின்று, "ஆமா. அருகு ஆறு, மயிரிழ மூணு, ஈர்க்கு ரெண்டு," என்றேன். பின்னால் சித்தப்பா இருமினார்.

அதன் பிறகு கடைத்தெருவில் என்னைப் பார்த்தால், பதினோரு பிளேடைக் காப்பாத்தின பொண்ணு என்பார்கள். நானும் எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த வருஷப் பூசைக்கு நைனா பிளேடு டப்பாவை என்னிடமே கொடுத்தார். "பொட்டு டப்பா மேல மட்டும்," என்றார். அதையும் எனக்குக் கிடைத்த பதவி உயர்வாக எடுத்துக்கொண்டேன். சித்தப்பா மட்டும், நான் ரசம் ஊற்றும் போதெல்லாம், "புளிக்குப் பொட்டு வெச்சியா பாப்பா?" என்று கேட்டு நைனாவைப் பார்ப்பார். நைனா சோற்றைப் பிசைவார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. என் கல்யாணப் பந்தியிலும் கேட்டார்.

கல்யாணமாகி, இரண்டாவது பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு பொங்கலுக்கு விளக்குத் தேய்த்த புளியாலேயே அரிவாள்மணையையும் தேய்த்து வைத்தேன். நன்றாகத்தான் பளபளத்தது. காலையில் பார்த்தால் செம்மண் நிறம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அப்போது நைனாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை.

ஆனால் பல்லை எண்ணி எடுத்தது நான்தான். அதில் பொய் ஒன்றும் கிடையாது.

சரி, நான் சொன்னதெல்லாம் எழுதிட்டியா கண்ணு? முதலிலிருந்து படித்துக் காட்டு. புளி வருகிற இடத்தைத் தாண்டிப் போகாதே, அதை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படி.