நெயில் பாலிஷ் கோடு

தஞ்சாவூரில் நெல் அறுவடை இயந்திரத்துக்கு உதிரி பாகம் செய்யும் சிறிய கம்பெனி எங்களுடையது. ஒரு பாகம் தாங்குமா, உடையுமா என்று கம்ப்யூட்டரில் கணித்துச் சொல்வது என் வேலை. கதிர் வெட்டும் முகப்பைத் தாங்கும் தகட்டுக்கு இரு பக்கமும் நான்கு நான்கு போல்ட். மரை, முறுக்கு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் நாளாகும் என்று, போல்ட்டும் தகடும் ஒட்டிய ஒரே இரும்பு என்று வைத்துவிட்டேன். திரை முழுக்கப் பச்சை. பாதுகாப்பு என்று அர்த்தம்.

சம்பா அறுவடையில் குடவாசல் பக்கம் ஒரு வண்டியில் போல்ட்டுகள் முறிந்தன. ‘கம்ப்யூட்டர் கணக்குப்படி பாகம் தாங்கும்; டிரைவர் சரியாக முறுக்கவில்லை’ என்று அலுவலகத்திலேயே அறிக்கை எழுதி, அவர் கையெழுத்து வாங்கப் போனேன். போட்டால் அவர் வேலை போய்விடும் என்பது எனக்குத் தெரியும்.

டிரைவர் ரஹீம் தாளைப் படித்தார். முறியாத பக்கத்தைக் காட்டினார். ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தகடுவரை ஒரு சிவப்புக் கோடு.

“வீட்டுல உள்ள நெயில் பாலிஷ் மேடம். நேத்து காலைல முறுக்கிட்டுக் கோடு போட்டேன், போல்ட் தளர்ந்தா தெரியும்னு. மூணு மணி நேரந்தான் ஓட்டுனேன்.”

எல்லாக் கோடும் இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தது.

“கம்ப்யூட்டர்ல இது நகருமா மேடம்?”

“நகராதுன்னு நானே வச்சிட்டேன் பாய்.”

அவர் அறுக்காமல் சாய்ந்து கிடந்த நெல்லைப் பார்த்தார். வானம் இருட்டியிருந்தது.

திரும்பி வந்து, தகட்டை நகரவிட்டு மறுபடி கணித்தேன். முறிந்த இடத்திலேயே திரை சிவந்தது. அறிக்கையில் இருந்த காரணத்தை அடித்துவிட்டு, என் கணக்குத்தான் தவறு என்று எழுதினேன். ரஹீமுக்காக விட்டிருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.